கொழுப்பைக் குறைக்கும் ஊசி கல்லீரலை எப்படி அடையாளம் காண்கிறது? பச்சாவத்தின் வேலூர் ஆய்வுகள் வழியாக ஒரு விளக்கம்

ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பைக் குறைக்க நாள்தோறும் விழுங்கும் ஸ்டேட்டின் மாத்திரையோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் இன்கிளிசிரான் என்ற ஊசியைப் பற்றியும் இப்போது செய்திகள் வருகின்றன. வயிற்றுத் தோலில் போட்ட மருந்து மற்ற உறுப்புகளை விட்டுவிட்டுக் கல்லீரலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, அது மரபணுவை மாற்றிவிடாதா, ஊசி வந்துவிட்டால் மாத்திரை எதற்கு என்ற மூன்று கேள்விகள் இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு எழுகின்றன. விடை காண, கல்லீரல் கொழுப்பை உருவாக்கும் வழியையும், ரத்தத்துக்கு அனுப்பிய புரதங்களை அது திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியையும் அறிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு வழிகளிலும் முதன்மையான பணி செய்த உயிர்வேதியியலாளர் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆய்வுக்கூடம் நடத்தினார். கல்கத்தாவில் 1925இல் பிறந்து 1996இல் மறைந்த பிமல் குமார் பச்சாவத் அவர். ஸ்டேட்டினையோ இந்த ஊசியையோ அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவரது ஆய்வு வாழ்க்கையை வரிசையாகப் பின்தொடர்ந்தால் இவை இரண்டும் செயல்படும் இடங்கள் தெளிவாகின்றன.

கல்லீரலின் இரு வேலைகள்

வயது வந்த ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். குடலிலிருந்து புறப்படும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் முன் கல்லீரல் வழியாகச் செல்கிறது. ஆகவே உண்ட சோறும் பருப்பும் சர்க்கரையாகவும் அமினோ அமிலங்களாகவும் பிரிந்த பிறகு முதலில் வந்து சேரும் இடம் அதுதான். வந்தவற்றில் எதை எரிப்பது, எதைச் சேமிப்பது, எதை வேறொன்றாக மாற்றுவது என்பதை அங்குள்ள நொதிகள் தீர்மானிக்கின்றன. நொதி என்பது ஒரு குறிப்பிட்ட வேதி மாற்றத்தை மட்டும் விரைவுபடுத்தும் புரதம். இத்தகைய மாற்றங்களின் மொத்தத் தொகுதிக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர்.

ரத்தப் புரதங்களைச் செய்து அனுப்புவது இரண்டாவது வேலை. நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் ஆல்புமின், ரத்தம் உறையத் தேவையான காரணிகள், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின், கொழுப்புத் துகள்களைத் தாங்கி நிற்கும் அப்போ-பி ஆகியவை பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகின்றன. நோயெதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின்கள் இதில் சேராதவை. அவற்றை வெள்ளணுக்களிலிருந்து தோன்றும் செல்கள் தயாரிக்கின்றன.

கல்லீரல் செய்து அனுப்பும் புரதங்களுக்கும் அதன் செல்களுக்குள்ளேயே இருக்கும் நொதிகளுக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற எண்கள் செல்கள் சேதமடையும்போது வெளியே கசியும் நொதிகளின் அளவைக் காட்டுகின்றன. கல்லீரல் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. அதைக் காட்டுபவை ஆல்புமினும் ரத்தம் உறையும் நேரமும். ஆல்புமின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நாள் ஆகும்; உறைதல் காரணிகளில் ஏழாவது காரணி சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும்போது ஆல்புமின் அளவு ஒழுங்காக இருக்க, உறையும் நேரம் மட்டும் நீள்வது இதனால்தான்.

1955: பாதை பிரியும் இடத்தில் ஒரு மூலக்கூறு

பச்சாவத் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளராக இருந்த காலத்தில் மைனர் கூன் என்ற உயிர்வேதியியலாளரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட கேள்வி மிகக் குறுகியது. பருப்பிலும் பாலிலும் நிறைந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் உடலில் உடையும்போது அசிட்டோ-அசிட்டேட் என்ற கீட்டோன் பொருள் தோன்றுகிறது. சர்க்கரை குறையும்போது உடல் எரிபொருளாக எரிக்கும் பொருள்களே கீட்டோன்கள். இடையில் என்ன நடக்கிறது? அவர்கள் கண்ட விடை, எச்.எம்.ஜி. கோ-ஏ என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் ஒரு இடைநிலை மூலக்கூறு. அதை அசிட்டோ-அசிட்டேட்டாகவும் அசிட்டைல் கோ-ஏ ஆகவும் பிளக்கும் நொதியை விளக்கிய அவர்களது ஆய்வுத்தாள் 1955இல் வெளிவந்தது.

அந்த மூலக்கூறின் முக்கியத்துவம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வேகமாக விரிந்தது. கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களை உருவாக்குவதும் எச்.எம்.ஜி. கோ-ஏ வழியாகத்தான் என்று ஜெர்மனியின் ஃபியோடோர் லீனன் குழு 1958இல் முன்வைத்தது. கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பு உருவாகும் பாதையும் அதே மூலக்கூறின் வழியாகவே செல்கிறது என்பதும் அந்தக் காலத்திலேயே தெளிவாயிற்று. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நிலையை இப்படிச் சொல்லலாம்:

1. செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எச்.எம்.ஜி. கோ-ஏ பிளக்கப்பட்டால் கீட்டோன் உண்டாகும்.

2. அந்த அறைக்கு வெளியே எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்ற வேறொரு நொதி அதே மூலக்கூறை மெவலோனேட்டாக மாற்றினால், பல படிகளுக்குப் பின் கொலஸ்ட்ரால் உண்டாகும்.

முதல் கிளை பசியோடு தொடர்புடையது. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் ரமலான் நோன்பிருப்பவர் மாலை நோன்பு திறக்கும் வரை பெரும்பாலும் கல்லீரலில் சேமித்த சர்க்கரையைக் கொண்டே சமாளிக்கிறார். கீட்டோன் சிறிதளவே கூடும். பட்டினி நாள் கணக்கில் நீண்டால் சேமிப்பு தீர்ந்து, கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை ரத்தத்தில் விடுகிறது. வாரக்கணக்கில் நீளும் பட்டினியில் மூளைக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கும் மேலானதைக் கீட்டோன்களே தருகின்றன. கீட்டோனை எரிக்கத் தேவையான ஒரு நொதி கல்லீரலிடம் இல்லை என்பது இதில் மிகவும் கவனிக்கத்தக்கது. தான் சமைத்ததைத் தானே உண்ண முடியாத உறுப்பு என்பதால், உருவாக்கிய அத்தனையையும் அது மற்ற உறுப்புகளுக்கு அனுப்பிவிடுகிறது.

பச்சாவத்தும் கூனும் விவரித்த அந்தப் பிளக்கும் நொதி பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகள் உண்டு. காய்ச்சல் வந்து பால் குடிக்காத ஓரிரவில் அந்தக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை வீழ்கிறது. ஈடுகட்ட வேண்டிய கீட்டோனும் உருவாவதில்லை. 1970களில்தான் இந்நோய் முதலில் விவரிக்கப்பட்டது. நொதியின் அடிப்படை வேதியியல் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்ததால் காரணத்தை நேராகச் சுட்ட முடிந்தது.

இரண்டாவது கிளையில்தான் ஸ்டேட்டின் நுழைகிறது. ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து பிரித்த முதல் ஸ்டேட்டின், எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸைத் தடுப்பது. லோவாஸ்டேட்டின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. கொலஸ்ட்ரால் உற்பத்தி குறைவதோடு இதன் பயன் முடிவதில்லை. உள்ளே பற்றாக்குறை ஏற்பட்டதும் கல்லீரல் செல் தன் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்புத் துகள்களை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனையில் தெரியும் வீழ்ச்சியில் பெரும்பங்கு இதனால் வருவது. ஏற்பி என்ற சொல்லை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடித்து உள்ளே கொண்டுபோகும் புரதம் அது.

வேலூர் வருகையும் மூளை நோயும்

பச்சாவத் 1950களின் பிற்பகுதியில் வேலூருக்கு வந்தார். அன்று அது பிரிக்கப்படாத வடாற்காடு மாவட்டத்தின் தலைநகர். ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை அங்கே தொடங்கியிருந்தார். அந்த மருத்துவமனையில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பச்சாவத் உருவாக்கினார். இன்று மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் விடுதிப் பலகைகள் தொங்கும் அளவுக்குக் கொல்கத்தாவிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அதே ஊரில் பிறந்த அவர் ஆராய்ச்சிக்காக அன்றே வந்து சேர்ந்தார். அவருக்கு 1962இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தபோது அவர் பணிபுரிந்த இடம் வேலூர்.

அங்கே அவர் கவனம் செலுத்திய நோய்களில் ஒன்று மெட்டாகுரோமேட்டிக் லியூக்கோடிஸ்ட்ரோபி. ஓடி விளையாடிய குழந்தை மெல்ல நடையை இழந்து, பேச்சை இழந்து, படுக்கையில் விழும் கொடிய பிறவி நோய் அது. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறையில் சல்ஃபடைடு என்ற கொழுப்பு அளவுக்கு மீறித் தேங்குவது தெரிந்திருந்தது. ஏன் தேங்குகிறது என்பது தெரியாமல் இருந்தது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும் பச்சாவத்தின் வேலூர்க் குழுவினரும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கொழுப்பிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றும் நொதி இந்நோயாளிகளிடம் குறைந்திருப்பதைக் காட்டியது. அரைல்சல்ஃபடேஸ்-ஏ என்ற அந்த நொதியை அளப்பதே இன்றும் இந்நோயை உறுதிசெய்யும் பரிசோதனைகளில் ஒன்று.

கீட்டோனிலிருந்து மூளை நோய்க்கு மாறியது துறை தாவலாகத் தோன்றலாம். முறை மாறவில்லை என்பதே சரியான மதிப்பீடு. ஒரு பொருள் எங்கே தேங்குகிறது அல்லது எங்கே பிரிகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் இருக்க வேண்டிய நொதியைத் தேடிப் பிடிப்பதே இரண்டிலும் நடந்தது.

புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை

நொதியை ஆராய வேண்டுமானால் முதலில் அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். அரைல்சல்ஃபடேஸ்-ஏ ஒரு கிளைக்கோபுரதம். அதாவது, கிளைகிளையாகச் சர்க்கரைச் சங்கிலிகள் பிணைக்கப்பட்ட புரதம். வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒரு பயற்றிலிருந்து கிடைக்கும் கன்கனாவலின்-ஏ என்ற புரதம் மேனோஸ் போன்ற சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. இவ்வாறு குறிப்பிட்ட சர்க்கரையை அடையாளம் கண்டு பற்றும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். அதைச் சிறுமணிகளில் பிணைத்துக் குழாயில் நிரப்பி, மூளைத் திசுவின் சாற்றை மேலிருந்து ஊற்றினால், சர்க்கரை தாங்கிய நொதி மட்டும் சிக்கிக்கொள்ளும். கோழி மூளையிலிருந்து அரைல்சல்ஃபடேஸ்-ஏ நொதியை இம்முறையில் பிரித்தெடுத்ததைப் பச்சாவத் குழு 1973இல் வெளியிட்டது.

இதே காலத்தில் அமெரிக்காவில் கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மோரல் என்ற இருவர் ரத்தப் புரதங்களைப் பற்றி எதிர்பாராத ஓர் உண்மையைக் கண்டிருந்தார்கள். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயில் குறைந்துபோகும் செருலோபிளாஸ்மின் ரத்தத்தில் எவ்வளவு காலம் தங்குகிறது என்று அறிவதே அவர்களது நோக்கம். அந்தப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சயாலிக் அமிலம் இருக்கிறது. அதற்கு அடுத்து உள்ளே காலக்டோஸ் இருக்கிறது. சயாலிக் அமிலத்தைக் கழற்றிய செருலோபிளாஸ்மினை முயலின் ரத்தத்தில் செலுத்தியபோது, நாள் கணக்கில் சுற்ற வேண்டிய புரதம் நிமிடக் கணக்கில் மறைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்திருந்தது. காரணம் பின்னர் விளங்கியது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் காலக்டோஸை அடையாளம் காணும் ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் அவை லட்சக்கணக்கில் உண்டு. நுனிச் சயாலிக் அமிலம் உதிர்ந்து உள்ளிருக்கும் காலக்டோஸ் வெளிப்பட்டவுடன் அவை புரதத்தைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகின்றன. இந்த ஏற்பி இன்று ஆஷ்வெல்–மோரல் ஏற்பி எனப்படுகிறது. பாலூட்டிகளின் உடலில் கண்டறியப்பட்ட முதல் லெக்டினும் இதுவே. நாள்பட்ட தட்டணுக்களைக் கல்லீரல் அகற்றுவதிலும் இதற்குப் பங்கு உண்டு என்பது பின்னாளில் தெரியவந்தது.

இங்கே இரண்டு விளக்கங்கள் தேவை. ரத்தப் புரதங்களில் மிக அதிகமான ஆல்புமினில் இயல்பாகச் சர்க்கரைச் சங்கிலி கிடையாது. அதன் ஆயுளை முடிவு செய்வது வேறு ஏற்பி. நீரிழிவுக்காரர்கள் மூன்று மாதச் சராசரியாகப் பார்க்கும் எச்.பி.ஏ.1சி-க்கும் இதற்கும் தொடர்பில்லை. அது ரத்தச் சர்க்கரை மிகுதியால் ஹீமோகுளோபினில் நொதியின் துணையின்றித் தானாக ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ். கிளைக்கோபுரதத்தின் சர்க்கரையோ, செல்லுக்குள் நொதிகள் ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டிய அமைப்பு.

ஆமணக்கு விதையிலிருந்து கல்லீரல் வரை

வேலூர் ஆய்வுகளின் மிக வளமான பகுதி இங்கே வருகிறது. ஆமணக்கு விதையில் காலக்டோஸைப் பற்றும் ஒரு லெக்டின் இருக்கிறது. கல்லீரல் ஏற்பி தேடுவதும் காலக்டோஸையே. அப்படியானால், ஆமணக்கு லெக்டின் எதை அடையாளம் காண்கிறதோ அதைக் கல்லீரலும் அடையாளம் காணக்கூடும். பச்சாவத்திடம் வேலூரில் ஆய்வு மாணவராக இருந்து பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புகழ்பெற்ற அவதேஷ சுரோலியா இந்த ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்தார்.

அவர்கள் பயன்படுத்திய கருவி லிப்போசோம். கொழுப்புப் படலத்தால் ஆன நுண்ணிய நீர்க்குமிழி அது. உள்ளே மருந்தையோ நொதியையோ அடைத்து வைக்கலாம். அந்தப் படலத்தில் காலக்டோஸ் நுனி கொண்ட கேங்லியோசைடு என்ற மூளைக் கொழுப்பைச் சேர்த்தால் ஆமணக்கு லெக்டின் அதைப் பற்றுகிறது என்ற ஆய்வு 1975இல் நேச்சர் இதழில் வந்தது. அதே வகைக் குமிழிக்குள் நொதியை அடைத்துச் செலுத்தினால் கல்லீரல் செல்கள் அதை உள்வாங்குகின்றன என்று சுரோலியாவும் பச்சாவத்தும் 1977இல் எழுதினார்கள். பச்சாவத் அதற்குள் கல்கத்தாவுக்குத் திரும்பியிருந்தார். அங்கே அவர் குழு வெவ்வேறு சர்க்கரைகளைக் குமிழியின் மேல் பொருத்தி, எது எந்த உறுப்பைச் சேருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தது.

சர்க்கரையை விலாசமாகப் பயன்படுத்தி மருந்தை ஓர் உறுப்புக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு இந்தப் பணி தெளிவான தொடக்ககாலச் சான்று. அதைச் செய்தவர்கள் பெரும் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் இல்லை. ஒரு மாவட்டத் தலைநகரின் மருத்துவமனையில், கோழி மூளையையும் ஆமணக்கு விதையையும் கொண்டு வேலை செய்தார்கள். நம் பகுதியில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையிலும் காலக்டோஸைப் பற்றும் லெக்டின் உண்டு. அதன் முப்பரிமாண அமைப்பை எம். விஜயனும் சுரோலியாவும் தம் குழுவினரோடு 1994இல் பெங்களூருவில் வெளிக்கொணர்ந்தார்கள். வேலூரில் தொடங்கிய பாதை அங்கே தொடர்ந்தது.

பச்சாவத் பின்னர் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, அவருடைய லிப்போசோம் அனுபவம் பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின்-பி மருந்தை இந்தியாவிலேயே லிப்போசோமில் அடைத்துத் தயாரிக்கும் முயற்சிக்கு அடித்தளமாயிற்று. 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது ஊரெங்கும் தேடப்பட்டது லிப்போசோம் வடிவ ஆம்ஃபோடெரிசின்தான்.

மூன்று கேள்விகளுக்கும் விடை

இப்போது ஊசிக்குத் திரும்பலாம். கல்லீரல் ரத்தத்துக்கு அனுப்பும் புரதங்களில் பி.சி.எஸ்.கே.9 என்று ஒன்று உண்டு. எல்.டி.எல். ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, அந்த ஏற்பி மீண்டும் செல்லின் மேற்பரப்புக்குத் திரும்பாமல் சிதையும்படி செய்வது அதன் வேலை. 2003இல் இது கண்டறியப்பட்டது. இப்புரதம் குறைந்தால் ஏற்பிகள் அதிக காலம் நிலைத்து நின்று, ரத்தத்திலிருந்து அதிகக் கெட்ட கொழுப்பை அகற்றும்.

1. மருந்து கல்லீரலைக் கண்டடைவது எப்படி? இன்கிளிசிரான் மூலக்கூறின் ஒரு முனையில் என்-அசிட்டைல் காலக்டோசமின் என்ற சர்க்கரை மூன்று பொருத்தப்பட்டிருக்கிறது. காலக்டோஸின் நெருங்கிய உறவான அதை ஆஷ்வெல்–மோரல் ஏற்பி மிக இறுக்கமாகப் பற்றும். அந்த ஏற்பி ஏறத்தாழ முழுவதும் கல்லீரல் செல்களில் மட்டுமே இருப்பதால், தோலிலிருந்து ரத்தத்தில் கலந்த மருந்து பெரும்பாலும் அங்கேயே உள்ளிழுக்கப்படுகிறது.

2. மரபணு மாறுமா? மாறாது. இந்த மருந்து ஒரு குறுக்கிடும் ஆர்.என்.ஏ. மரபணுவிலிருந்து புரதம் செய்யப் போகும் ஆணை, தூது ஆர்.என்.ஏ. என்ற வடிவில் செல்லுக்குள் வருகிறது. பி.சி.எஸ்.கே.9-க்கான அந்த ஆணைத்தாளை மட்டும் மருந்து வெட்டிவிடச் செய்கிறது. டி.என்.ஏ. இருக்கும் இடத்தை அது தொடுவதில்லை; மருந்து தீர்ந்தபின் புரத உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்புகிறது. உள்ளே போன மருந்தில் ஒரு பகுதி செல்லின் அறைகளில் தேங்கி, சிறிது சிறிதாக வெளிவருவதால் ஒரு ஊசியின் பலன் மாதக்கணக்கில் நீடிக்கிறது. முதல் ஊசிக்குப் பின் மூன்றாம் மாதம் ஒன்றும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்றும் போடுவதே நடைமுறை.

3. மாத்திரையை நிறுத்தலாமா? இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஸ்டேட்டின் 1955இன் அந்த எச்.எம்.ஜி. கோ-ஏ பாதையில் உற்பத்தியைத் தடுத்து, ஏற்பிகளை அதிகமாக உருவாக்கச் செய்கிறது. அதே சமயம் ஸ்டேட்டினால் பி.சி.எஸ்.கே.9 உற்பத்தியும் கூடுகிறது. மாத்திரையின் அளவை இரட்டித்தாலும் பலன் இரட்டிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஊசி அந்தப் புரதத்தைக் குறைத்து, உருவான ஏற்பிகள் சிதையாமல் காக்கிறது. ஸ்டேட்டின் உட்கொண்டும் எல்.டி.எல். போதுமான அளவு குறையாதவர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில், ஊசி அதை மேலும் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. ஆகவே மருத்துவர் இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது தவறு அல்ல. நோயாளி தாமாக மாத்திரையை நிறுத்துவதே தவறு.

எட்டாத உறுப்பு

சர்க்கரை விலாசம் இவ்வளவு நன்றாகச் செயல்படுவது கல்லீரலுக்கு மட்டுமே. அதன் ரத்த நுண்குழாய்களின் சுவரில் சிறு துளைகள் இருப்பதால் பெரிய மூலக்கூறுகளும் செல்லை நேரடியாக அடைய முடிகிறது, ஏற்பிகளும் மிகுதி. மூளையில் நிலைமை நேர்மாறானது. அங்கே ரத்தக் குழாய்ச் சுவர் இறுக்கமாக அடைபட்டிருப்பதால், வெளியிலிருந்து செலுத்திய நொதி நரம்பிழைகளை எட்டுவதில்லை. எந்தக் குழந்தைகளுக்காக வேலூரில் அரைல்சல்ஃபடேஸ்-ஏ ஆராயப்பட்டதோ, அவர்களுக்கு நொதியை ஊசியாகப் போட்டுக் குணப்படுத்த முடியாமல் இருப்பதன் காரணங்களில் இது முக்கியமானது.

அவர்களுக்கு இப்போது வந்திருக்கும் வழி வேறு. குழந்தையின் சொந்த எலும்பு மஜ்ஜைத் தாய்ச் செல்களை எடுத்து, குறைபட்ட மரபணுவின் சரியான படியை அவற்றில் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். அவற்றிலிருந்து தோன்றும் செல்களில் ஒரு பகுதி மூளைக்குள் குடியேறி நொதியைச் சுரக்கிறது. இச்சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2020இல் ஒப்புதல் கிடைத்தது. அறிகுறிகள் தோன்றுவதற்கு முன்போ, மிகத் தொடக்கத்திலோ செய்தால்தான் பலன் உண்டு. ஒரு வீட்டில் மூத்த குழந்தைக்கு இந்நோய் உறுதியானால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இளைய குழந்தைக்கும் அரைல்சல்ஃபடேஸ்-ஏ அளவை உடனே பார்க்க வேண்டியது இதனால்தான்.